இரண்டு இழுப்பு

முந்தின நாள் மாலை, கடலில் மூழ்கும்போது இடுப்பில் கட்டும் ஈய வெயிட் பெல்ட்டை நல்ல தண்ணீரில் அலசி, பக்கிளைத் திறந்து, கூடத்துச் சிமெண்ட் தரையில் நீட்டிப் போட்டுவிட்டுத்தான் செம்பியன் படுத்தான். காலையில் அது வட்டமாகக் கிடந்தது. பக்கிள் பூட்டியிருந்தது. உள்ளே யாருடைய இடுப்போ இருப்பதுபோல இறுக்கிப் பூட்டியிருந்தது. அவனுடையதைவிட ஒல்லியான இடுப்பு. குனிந்து தொட்டான். பட்டையில் ஈரம். விரலை முகர்ந்தால் முகத்துவாரத்துச் சேற்று வாடை அடித்தது.

முதுநகரில் அந்த வீட்டில் இப்போது அவன் ஒருவன்தான். மனைவி இளவரசி தலைப்பிரசவத்துக்குச் சிதம்பரத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். பூனை புரட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். பக்கிள் பூட்டத் தெரிந்த பூனையைப் பற்றி யோசித்ததும் அவனுக்கே சிரிப்பு வந்தது, ஆனால் அந்தச் சிரிப்பு முழுசாக வெளியே வரவில்லை.

பெல்ட் புதுசு, பக்கிள் புதுசு. ஈயம் மட்டும் ராஜ்கமலுடையது. கடலில் விழுந்த எஞ்சின், நங்கூரம் எல்லாவற்றையும் மூழ்கித் தேடி எடுக்கிற வேலையில் செம்பியனுக்கு முன்னால் இருந்தவன் ராஜ்கமல். போன வருஷம் முகத்துவாரத்தில் செத்துப்போனான். அவன் பக்கிள் தேய்ந்து அடிக்கடி கழன்றதால், அதன்மேல் வலை பின்னுகிற நைலான் நரம்பைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தான். வலைக்காரன் போடும் முடிச்சு அவ்வளவு சுலபத்தில் அவிழாது. அடியில் அவசரம் வந்தபோதும் அவிழவில்லை. உடலை எடுத்தபோது விரல் நகங்கள் பிய்ந்திருந்தன.

படகுக்காரர் கலியமூர்த்தி செம்பியனுக்குத் தாய்மாமன். அந்த ஈயத்தை அடுப்பில் உருக்கி, மத்தி மீன் டப்பாவில் ஊற்றிப் புதுக் கட்டிகளாக எடுத்தவர் அவர்தான்.

"நெருப்புல போட்டு எடுத்துட்டா தீட்டு போயிடும் மாப்ள. அவனே எவங்கிட்டயோ பழய ஈயத்த வாங்கித்தான் உருக்குனான். யாரு எதுல செத்தான்னு பாத்தா ஒரு சாமானையும் தொட முடியாது" என்றார் அப்போது.

செம்பியன் புதுச்சேரியில் முறையாகப் பயிற்சி எடுத்தவன். பெல்ட்டைக் கடைசியாகக் கட்ட வேண்டும், முதலில் கழற்ற முடிய வேண்டும். அதன்மேல் வேறு எந்த வாரும் கயிறும் வரக்கூடாது. பட்டையின் நுனி வலது கைக்கு வர வேண்டும். கழற்றினால் அப்படியே விட்டுவிடாமல், உடம்பைவிட்டுத் தள்ளிப் பிடித்துக் கீழே போட வேண்டும், இல்லாவிட்டால் கத்தியிலோ காலிலோ மாட்டிக்கொள்ளும். இதையெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். அதனால்தான் ராஜ்கமலுக்கு நடந்தது தனக்கு நடக்காது என்று நம்பினான்.

கிளம்பும்போது இளவரசி போனில் கேட்டாள். "இன்னிக்கு அவசியம் போவணுமா? நாளைக்கு ஸ்கேனுக்கு நீங்க வர்றீங்கதான?"

"வந்துடுவேன். சாயங்காலமே பஸ் ஏறிடறேன்."

முகத்துவாரத்தில் மழைத் தண்ணீர் செம்மண் கலந்து பால் விடாத டீ நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கவிழ்ந்த ஃபைபர் படகின் எஞ்சினைத் தேடிக் கயிறு கட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. செம்பியன் காற்று சிலிண்டரையும் காற்றேற்றினால் மிதக்கவைக்கும் ஜாக்கெட்டையும் மாட்டி, கடைசியாகப் பெல்ட்டைக் கட்டி, தண்ணீரில் இறங்கி எடையைச் சரிபார்த்தான். மூச்சை இழுத்துப் பிடித்து அசையாமல் நின்றால் தண்ணீர் கண் மட்டத்துக்கு வர வேண்டும். வந்தது. அங்கே நிற்காமல் நெற்றிக்கு ஏறியது. தலைக்கு மேலே போய்விட்டது. காலை உதைத்து மேலே வந்தான்.

"நேத்து போட்ட அதே ஈயந்தான் மாமா. இன்னிக்கு ஜாஸ்தி இழுக்குது."

"உப்பனாத்துத் தண்ணி கலந்து கெடக்கு. நல்ல தண்ணில ஆளு கூடத்தான் முங்குவான். ஒரு கட்டிய எடுத்துடு."

நியாயமான பேச்சு. ஒரு கட்டியை எடுத்துப் படகில் போட்டான். மறுபடி பார்த்தான். இந்தத் தடவை இன்னும் வேகமாக முழுகினான். பயந்துவிட்டான் என்று மாமா நினைப்பாரே என்ற வெட்கத்தில் அதைச் சொல்லாமல் விட்டான்.

இடது மணிக்கட்டில் கயிறு. மேலிருந்து ஓர் இழுப்பு வந்தால், நல்லா இருக்கியா என்று கேள்வி. கீழிருந்து இரண்டு இழுத்தால், நல்லா இருக்கேன், விடு. பதில் வராவிட்டால் மேலே இருப்பவர் ஆளைத் தூக்கிவிடுவார். ராஜ்கமல் செத்த அன்று கயிறு கலியமூர்த்தி கையில்தான் இருந்தது. ரெண்டு இழுப்பு வந்துச்சு, அதான் தூக்கல என்று அவர் எல்லோரிடமும் சத்தியம் செய்தார். யாரும் நம்பவில்லை. செம்பியனும்தான்.

இறங்கினான். தலைவிளக்கு ஒரு முழத்துக்கு மேல் எட்டவில்லை. தன் மூச்சுச் சத்தம், குமிழிகள் காதோரம் புரண்டு ஏறும் சத்தம், தூரத்தில் எங்கோ ஒரு விசைப்படகு அடித்தொண்டையில் உறுமுவது, இவற்றைத் தவிர எதுவும் கேட்கவில்லை. காலுக்குச் சேறு தட்டியது. சேறு கணுக்காலை வாங்கி, முழங்காலை வாங்கி, மெதுவாகத் தொடையை வாங்கியது. ஜாக்கெட்டில் காற்றை ஏற்றினான். அது உப்பி நெஞ்சை நெரித்தது. உடம்பு ஓர் அங்குலம் எழும்பவில்லை.

பயம் வந்துவிட்டது. வேலை போகட்டும் என்று முடிவு செய்தான். பெல்ட்டைக் கழற்று. வலது கை தானாகப் பக்கிளுக்குப் போனது.

பக்கிள்மேல் நைலான் முடிச்சு இருந்தது.

அவன் கட்டவில்லை. மாமா கட்டவில்லை. விரலால் தடவினான். சின்ன முடிச்சு. இறுகிய முடிச்சு. நகத்தைக் கொடுத்து நெம்பினான். நகம் மடங்கியது. சட்டென்று புத்தி வந்து, காலில் இருந்த கத்தியை உருவி நரம்பை அறுத்தான். பட்டையை இழுத்தான். பக்கிள் திறந்தது. சொல்லிக்கொடுத்த மாதிரியே பெல்ட்டை உடம்பைவிட்டுத் தள்ளிப் பிடித்து விட்டான். சேறு அதை விழுங்குவதை விளக்கு வெளிச்சத்தில் கண்ணால் பார்த்தான்.

பிழைத்தேன் என்று நினைத்தான். இளவரசியை நினைத்தான். தொடை சேற்றிலிருந்து உருவிக்கொண்டது. முழங்கால் வந்தது. உடம்பு எழுந்தது.

நின்றது.

இடுப்பில் பாரம் அப்படியே இருந்தது.

பெல்ட் இல்லை. பாரம் இருந்தது. ஈரத்துணிக்குள்ளும் சில்லிட்டது.

கீழே பார்க்காதே. பார்த்தான்.

பின்னாலிருந்து இரண்டு கைகள் அவன் இடுப்பைச் சுற்றியிருந்தன. வயிற்றின்மேல் விரல்கள் கோத்திருந்தன. பக்கிள் இருந்த அதே இடம். நகங்கள் இல்லை. நகம் இருந்த குழிகளில் நைலான் நரம்பின் துணுக்குகள்.

அப்போது மணிக்கட்டுக் கயிறு ஒரு தரம் இழுபட்டது. மாமா கேட்கிறார்.

அசையாதே. பதில் சொல்லாதே. சும்மா இருந்தால் போதும், தூக்கிவிடுவார். செம்பியன் மூச்சைக்கூட அடக்கினான்.

இடுப்பிலிருந்து ஒரு கை மட்டும் பிரிந்தது. அவசரப்படாமல் அவன் நெஞ்சைத் தடவி, இடது தோளைத் தடவி, கை வழியே மேலேறிக் கயிற்றைப் பற்றியது. இழுத்தது. கொஞ்சம் பொறுத்து, இன்னொரு தரம் இழுத்தது.

மேலே கயிறு தளர்ந்தது.

அந்தக் கை, வந்த வழியே திரும்பி வந்து, மற்றக் கையோடு கோத்துக்கொண்டது.