செவப்பு லைட்டும் செவப்பு டிக்கும்

"நாளையிலேருந்து வேலைக்கு வராதன்னுட்டாங்க, அக்கா," என்று ஆதிலட்சுமி பக்கத்து வீட்டு வாசலிலேயே அழுதாள். கையில் இரவல் வாங்கிப்போன டார்ச் லைட். அழுகையிலும் இரவலைத் திருப்பித் தருகிறவளைப் பொறுப்பில்லாதவள் என்று யார் சொன்னாலும் நம்பக் கூடாது என்று அந்த வீட்டு ஃப்ளோரா அப்போதே முடிவு கட்டிவிட்டாள். அவள் கணவர் அடைக்கலம், விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சிக்னல் விழாமல் நகர மாட்டார்.

"உக்காரும்மா. மொதல்லேருந்து சொல்லு," என்றார் அவர்.

நல்லமுத்துவின் பீங்கான் பொம்மைக் கம்பெனியில், இன்னும் சுடாத பச்சை மண் பொம்மை காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்துச் சிவப்புப் பென்சிலால் டிக் போடுவது அவள் வேலை. டிக் போட்டதுதான் சூளைக்குப் போகும். ஈரம் இருந்தால் வெடிக்கும். செவ்வாய்க்கிழமை மேல் இரண்டு தட்டு யானைகளுக்கு டிக் போட்டாள். கீழ்த்தட்டு ஈரம், விட்டுவிட்டாள். மதியம் கரண்ட் போனது. ஜன்னலில்லாத அறையில் சூப்பர்வைசர் கோவிந்தசாமி அவளிடமிருந்த இந்த டார்ச்சை வாங்கி அடித்துச் சூளையில் ஏற்றினார். சூளைக்குள் யானைகள் வெடித்து மொத்தமும் பாழ்.

"கீழ்த்தட்டுலயும் என் டிக்கு இருந்துச்சுன்றாரு. டிக்கு சூட்டுல எரிஞ்சிடும், சாட்சிக்கு ஒண்ணுமில்லீங்க."

"டார்ச்சுல எந்த லைட்டு எரிஞ்சுது?" என்றார் அடைக்கலம்.

"செவப்புதான். எனக்கே மாத்தத் தெரியல."

"எனக்குப் புரிஞ்சிடுச்சுங்க! முன்விரோதம்!" என்றாள் ஃப்ளோரா.

"வண்டி இன்னும் பிளாட்பாரத்த வுட்டே கெளம்பல, ஃப்ளோரா."

அடைக்கலம் டார்ச்சைத் துடைத்தார். ஐந்து வருடம் முன்பு புதுச்சேரிக் கடைக்காரன் சொன்ன விலையைப் பாதியாக்கி, பேட்டரி செல்லையும் சும்மா வாங்கி வந்தது. வெள்ளை, சிவப்பு, பச்சை மூன்றும் எரியும். தண்டவாளத்தில் விழுந்திருக்கிறது, குடத்துத் தண்ணீரில் முங்கியிருக்கிறது, ஃப்ளோரா அதைக் கொண்டு தேங்காயே உடைத்திருக்கிறாள். ஒரே குறை, சுவிட்ச் தேய்ந்துவிட்டது. கட்டைவிரலால் அழுத்தி, லேசாக இடது பக்கம் தள்ளினால்தான் நிறம் மாறும். இல்லாவிட்டால் சிவப்பிலேயே நிற்கும். அந்தப் பக்குவம் வீட்டில் இருவருக்கு மட்டுமே தெரியும்.

மறுநாள் காலை கம்பெனியில், பொம்மை காய வைக்கும் அறையில் எல்லோரும் நின்றார்கள்.

"கோவிந்தசாமி, டிக்கு நல்லாத் தெரிஞ்சுதா?" என்று கேட்டார் அடைக்கலம்.

"தெரியாமலா? செவப்பு லைட்டுல செவப்பு டிக்கு இன்னும் எடுப்பாத் தெரிஞ்சுதுங்க. ஒவ்வொண்ணாப் பாத்துதான் ஏத்துனேன்."

அடைக்கலம் தலையாட்டினார். "ஆதிலட்சுமி, இந்த யானைக்கு ஒரு டிக்கு போடும்மா. ஃப்ளோரா, கதவச் சாத்து."

இருட்டில் சிவப்பு வெளிச்சம் பாய்ந்தது. முதலாளி நல்லமுத்து குனிந்தார், கண்ணாடியைக் கழற்றி மாட்டினார், யானையையே திருப்பிப் பார்த்தார்.

"டிக்கு எங்கய்யா?"

அடைக்கலம் கட்டைவிரலை இடது பக்கம் தள்ளினார். வெள்ளை. யானையின் நெற்றியில் பளிச்சென்று சிவப்பு டிக்.

"செவப்பு வெளிச்சத்துல வெள்ள மண்ணும் செவக்கும், டிக்கும் அதோட கலந்திடும். ரயில்வேல மொத நாள் பாடம். கோவிந்தசாமி கையில டார்ச்சு செவப்புலதான் நின்னுச்சு, அவரே சொல்லிட்டாரு. அப்ப ஒரு யானைலயும் டிக்கு தெரிஞ்சிருக்காது. தெரியாதவரு ஒண்ணும் ஏத்தியிருக்கக் கூடாது. மூணு தட்டும் ஏத்தியிருக்காரு. பாக்காமலே ஏத்துனாருன்றதுக்கு வேற சாட்சி எதுக்கு?"

கோவிந்தசாமி ஒப்புக்கொண்டார். "வெளிய சரக்கு ஏத்த வந்த லாரிக்காரன் ஆரன் அடிச்சுக்கினே இருந்தான்... காஞ்சிருக்கும்னு நெனச்சிட்டேன். பழி எம்மேல வந்துடும்னு பயந்துட்டேன்."

"அந்த லாரிய வுட என் கம்பெனி பெருசாத் தெரியலியா ஒனக்கு?" என்ற நல்லமுத்து, ஆதிலட்சுமி பக்கம் திரும்பினார். "நாளைக்கி வேணாம்மா. இன்னிக்கே வேலைக்கு வந்துடு."

நாலு நாள் கழித்து ஒரு மாலையில் ஆதிலட்சுமி வந்தாள். கையில், டார்ச்சை நிறுத்தி வைக்க அவளே செய்த மண் தாங்கி ஒன்று, நடுவில் குழியோடு.

"இன்னும் சூளைக்குப் போவலீங்க. காஞ்சிடுச்சு, டிக்கு போட்டிருக்கேன். நீங்க பாத்து சரின்னாத்தான் ஏத்துவேன். உங்க ரெண்டு பேரும் இல்லன்னா..." தாங்கியை நீட்டினாள்.

ஃப்ளோரா டார்ச்சை அவள் கையில் வைத்து, அவள் கட்டைவிரலைப் பிடித்து சுவிட்ச்சின்மேல் வைத்தாள்.

"நல்லா அழுத்து. இப்ப இந்தப் பக்கம் தள்ளு."

வெள்ளை வெளிச்சம் வந்தது.