சீசாவின் விளிம்பில் வெற்றிலைக் காவி

பூந்தமல்லியில் குடியிருந்த ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர் கங்காதரனைத் தேடி, 1938-ஆம் வருஷம் ஒரு காலையில் நசரத்பேட்டை விவசாயி வேம்புலி வந்தான்.

"என் சம்சாரம் கெங்கம்மாளுக்குக் காசநோய்ங்க. நல்லா தேறிகினு வந்தா. காய்ச்சல் நின்னுபோச்சு, தொளதொளன்னு இருந்த ரவிக்கை இப்ப பிடிக்குது. ஆனா சளியச் சோதிச்ச டாக்டரு, கிருமி முன்னவிட ஜாஸ்தியா கீதுன்றாரு. கொழந்தையக் கிட்ட சேர்க்கலாம்னு சொன்னவரு, இப்ப கூடாதுன்றாரு."

கங்காதரனின் மைத்துனர் திருவேங்கடம் துள்ளி எழுந்தார். "பாலுல யாரோ என்னமோ கலக்கறாங்க, மச்சான்."

"கலந்தா உடம்பு பூசுமா?" என்றார் கங்காதரன்.

இருவரும் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். "சோதனையில் தவறில்லை. சளி வந்த சீசாவின் விளிம்பில் சிவப்பைப் பார்த்து ரத்தமோ என்று பயந்தேன். வெறும் வெற்றிலைக் காவி" என்றார் டாக்டர்.

நசரத்பேட்டையில் கெங்கம்மாள் வேப்பமரத்தடிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கஞ்சி கொடுத்து, துணி துவைத்து, நோய் தொடங்கியதிலிருந்து கூடவே இருந்தவள் வேம்புலியின் அக்கா நாகம்மாள். குழந்தை அழுதபடி நாகம்மாளை நோக்கித் தவழ்ந்து வந்தது. அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு விலகினாள். "கொழந்தையத் தூக்குடா" என்றாள் தம்பியிடம்.

"சீசாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது யாரு?" என்று கேட்டார் கங்காதரன்.

"அக்காதாங்க" என்றான் வேம்புலி.

"கெங்கம்மா, நீ வெத்தலை போடுவியா?"

"எனக்கு அந்தப் பழக்கமே இல்லீங்க."

"அப்போ அந்தச் சளி உன்னுது இல்ல. நீ தேறிட்டு வரேன்னு உன் உடம்பு சொல்லுது. அது பொய்யில்ல. சோதனையும் பொய்யில்ல. ஆனா அது வேற ஒருத்தருடைய நோய். அவங்க வெத்தலை போடுவாங்க. சீசா அவங்க கைக்கு வந்திருக்கு. குழந்தையத் தொடப் பயப்படறாங்க."

எல்லோர் பார்வையும் வெற்றிலைச் சிவப்பேறிய நாகம்மாளின் உதடுகள் மேல் விழுந்தது.

"பொறாமையா?" என்று திருவேங்கடம் முணுமுணுத்தார்.

"பொறாமைக்காரி குழந்தைக்காக விலகி நிப்பாளா?"

நாகம்மாள் தரையைப் பார்த்தபடி பேசினாள். "கொஞ்ச நாளா இருமிகினு கீறேன். எனக்கும் வந்துடுச்சான்னு தெரிஞ்சிக்கத்தான் என்னுத வெச்சேன். அவளுக்குத்தான் ஏற்கெனவே கீதே, இன்னொரு தபா கீதுன்னு வந்தா இன்னா ஆவப்போதுன்னு நெனச்சிட்டேன். கொழந்தையப் பிரிப்பாங்கன்னு தெரியல. உண்மையச் சொன்னா என்னையும் படுக்க வெச்சிடுவாங்க. அப்புறம் இவள யாரு பாத்துப்பாங்க?"

கெங்கம்மாள் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள்.

மறுபடி எடுத்த சோதனையில் கெங்கம்மாளின் சளியில் கிருமி இல்லை. அதைச் சொன்ன டாக்டரின் எதிரில் அவள் நாகம்மாளை உட்கார வைத்தாள்.

"இது என் நாத்தனாரு. இவங்க நோவ இனிமே நான் பாத்துக்கறேன்."

"எப்படிப் பார்க்கவேண்டும் என்று தெரியுமா?"

"தெரியாம இன்னாங்க? பாலு, முட்டை, காத்தோட்டமா படுக்கை, தனித் தட்டு, தெனமும் காய்ச்சல் பாக்கறது. எல்லாம் இவங்க எனக்குச் செஞ்சதுதான்."

வெளியே ஜட்கா வண்டி காத்திருந்தது. வேம்புலி குழந்தையை மனைவியின் மடியில் வைத்தான். வண்டிக்காரன் கேட்காமலே அவனிடம் சொன்னான்: "என் சம்சாரம் பொழைக்க மாட்டான்னு ஊரே சொல்லிச்சு. பாருங்க, அவதான் இப்ப எங்க அக்காவ வைத்தியத்துக்கு இட்டுகினு வந்துட்டுப் போறா."