ஏற்ற வந்த கப்பல்

குளியல் தொட்டி மறுபடியும் விளிம்பு தட்ட நிறைந்திருந்தது.

மத்தியானம் வந்து கதவைத் திறந்ததுமே அஜந்தாவுக்கு அந்த நாற்றம் மூக்கில் ஏறிவிட்டது. பாரிஸில் மார்க்ஸ் டோர்மோய்ப் பகுதியின் அந்தப் பழைய கட்டிடத்தில் வழக்கமாக அடிக்கும் ஈரச்சுவர் வாடையோ, கீழ்வீட்டில் பொரிக்கும் கருவாட்டின் மணமோ அல்ல, துறைமுகத்தில் நாட்பட்டுக் கிடக்கும் கப்பல் எண்ணெயின் கனத்த, தொண்டையில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கும் நாற்றம். தொட்டியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம். முதல்நாள் அவளே தேய்த்துக் கழுவிக் காயவிட்டுப் போன தொட்டி.

வீட்டில் இருப்பது முசியே ஜெர்மேன் ஒருவர்தான். தொண்ணூறு வயது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றுவதற்கும் அவள்தான் தூக்க வேண்டும். அவரைப் பராமரிக்கும் இந்த வேலை கிடைத்து ஒரு குளிர்காலம்கூட முடியவில்லை.

இன்னொரு சாவி அவருடைய அண்ணன் மகளிடம் இருந்தது. கிழவரை முதியோர் இல்லத்தில் தள்ளிவிட்டு வீட்டை எடுக்கப் பார்ப்பவள். பராமரிக்க வருபவள் தண்ணீரைத் திறந்துவிட்டுப் போகிறாள் என்று காட்டிவிட்டால் அஜந்தாவின் வேலை போய்விடும். வேலை போனால் விசாவும் ஆட்டம் காணும். இது அந்த அண்ணன் மகளின் வேலையாகத்தான் இருக்க வேண்டும்.

படியிறங்கும்போது கீழ்வீட்டுக் குலசேகரம் மறித்தார்.

"தங்கச்சி, மேலை ஆரார் இருக்கினம்?"

"கிழவர் ஒராள்தான் அண்ணை. ஏன்?"

"ஒராளோ? எங்கட சீலிங்கிலை பகல் முழுக்கத் தட்டிக் கேக்குது. ஒராள் தட்டுற மாதிரி இல்லை, கனபேர் தட்டுற மாதிரி. தண்ணியும் கசியுது. நாக்கிலை வச்சுப் பாத்தன். ஒரே உப்பு."

இவரையும் அண்ணன் மகள் கைக்குள் போட்டுவிட்டாளோ என்று அஜந்தா அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு மேலே திரும்பிப் போய், தொட்டியைக் காலியாக்கிவிட்டு, குசினி அடுப்புக்குக் கீழே வீடு முழுவதுக்குமான தண்ணீர் வால்வை இறுக மூடினாள். வெளியே வந்து, யார் கண்ணிலும் படாதபடி கதவிடுக்கில் ஒரு நூலை ஒட்டிவைத்தாள்.

மறுநாள் நூல் அறுந்திருக்கவில்லை. வால்வு மூடியபடி இருந்தது. தொட்டி நிறைந்திருந்தது.

விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தாள். கடல்.

ஜன்னலோரம் இருந்த ஜெர்மேனிடம் நேராகவே கேட்டாள். அவர் பிரெஞ்சில் மெல்லச் சொன்னார்.

"‘வெர்வேன்’ என்று பெயர், மதாம். உலக யுத்தத்தில் சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போன சின்னக் கப்பல். நான் பின்தளத்தில் நின்றேன். தண்ணீருக்கடியில் வெடிக்கும் குண்டுகளை உருட்டிவிடுவது என் வேலை. அட்லாண்டிக்கில் எங்கள் காவலில் வந்த ஒரு கப்பல் மூழ்கியது. ஆட்கள் எண்ணெய்க்குள் மிதந்தார்கள். எங்களைக் கண்டதும் சந்தோஷத்தில் கையசைத்தார்கள். அவர்களுக்கு நேர் கீழே நீர்மூழ்கி நிற்பதாகக் கருவி காட்டியது. உருட்டு என்றார்கள். உருட்டினேன்."

"நீர்மூழ்கி?"

"அங்கே ஒன்றும் இருக்கவில்லை."

இரண்டாயிரத்தொன்பதில், போரின் கடைசி மாதங்களில், புதுமாத்தளன் கரையில், காயம்பட்ட தாயை மணலில் கிடத்திவிட்டு, காயக்காரரை ஏற்ற வந்து தூரத்தில் தெரிந்த கப்பலுக்குக் கையசைத்தபடி நின்றவள் அஜந்தா.

"அவர்கள்தான் இங்கே வருகிறார்களா? கோபத்திலா?" என்று கேட்டாள்.

"இல்லை மதாம். கோபமென்றால் தாங்கிக்கொள்வேன். நடந்தது அவர்களுக்கு இன்னும் தெரியாது. ஏற்றத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்."

கிழவருக்கு மூளை தளர்ந்துவிட்டது. அல்லது அண்ணன் மகள் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அப்படித் தனக்கே சொல்லிக்கொண்டு அஜந்தா குசினிக்குள் போய் சூப்பைச் சூடாக்கினாள். நாலு மணிக்கே வெளியே மங்கிவிட்டது. அடுப்பின் சீறல், தெருவில் ஒரு பஸ்ஸின் இரைச்சல், அவற்றுக்கு அடியில், காது கொடுத்தால் மட்டும் பிடிபடுகிற மாதிரி, இன்னொரு சத்தம்.

தட்டுகிறார்கள்.

கதவில் அல்ல. தொட்டியில். உள்ளேயிருந்து.

பிறகு, ஏதோ பெரிதாகத் தண்ணீருக்குள் விழுந்த சத்தம்.

"முசியே!"

ஓடினாள். குளியலறைக் கதவு திறந்திருந்தது. தண்ணீர் கறுப்பாய்த் தளும்பியது. நடுவில் ஒரு கை. ஊறி வெளிறிச் சுருங்கிய கை. கிழவர் தவழ்ந்து வந்து விழுந்துவிட்டார். முழங்கைவரை கையை விட்டு மணிக்கட்டைப் பிடித்தாள். காலைச் சுவரில் ஊன்றி, பழகியபடி, பலமாக இழுத்தாள்.

கனத்தது. ஆனால் வந்தது.

அப்போது பின்னால், ஜன்னலோரத்திலிருந்து, ஜெர்மேனின் குரல் கேட்டது.

"மதாம், யாரைத் தூக்குகிறீர்கள்?"

விரல்களை விரித்தாள். அந்தக் கை விடவில்லை. நன்றியோடு இறுகியது. அதன் பின்னால் இன்னொரு கை எழும்பியது. இன்னொன்று. தொட்டி கொள்ளாத கைகள், எண்ணெய் வழிய, அவசரப்படாமல், தங்கள் முறை வருமென்று நீட்டியபடி நின்றன.

முதலாமவனின் முகம் மேலே வந்தது. கண்கள் இல்லை. வாய் நிறைய எண்ணெயோடு அது அவளைப் பார்த்துச் சிரித்தது.