இரண்டு பேருக்கான மாறுதல் கடிதம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவின் அறைக் கதவைத் திறந்த ஆன்ஸ்லினுக்கு, என்ன குறைகிறது என்று முதலில் பிடிபடவில்லை. எட்டு மாதமாகத் தரையைப் பினாயில் விட்டுக் கழுவியும், மெத்தையை மாடி வெயிலில் போட்டு அடித்தும், இரும்புக் கட்டிலைக் கம்பி கம்பியாகத் துடைத்தும் போகாமல் சுவரோடு சுவராக ஒட்டிக்கிடந்த வாசனை, வாதத் தைலமும் முகப் பவுடரும் ஈரத்துணியின் புளிப்பும் கலந்த வாசனை, இல்லவே இல்லை. புதுக்கடை ஊரில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஜன்னல் வழியாக ரப்பர் மரங்களின் பச்சை வாடை மட்டும் வந்தது.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அவளுக்கு, பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிப் போய்விட்டது போல இருந்தது.

அன்று காலையில்தான் கடிதம் வந்திருந்தது. ஊர் மாறிப் போகிறவர்கள் பழைய சபையிலிருந்து மாறுதல் கடிதம் வாங்கிப் போக வேண்டும். அது இல்லாவிட்டால் புது ஊரில் கல்யாண அறிவிப்பான ஓலையைக் கோவிலில் வாசிக்க மாட்டார்கள், செத்தால் கல்லறைத் தோட்டத்தில் ஆறடியும் கிடைக்காது. சபைச் செயலாளர் சுந்தர்சிங்கை அவள் நேரில் பார்த்ததில்லை. ஜூன் மாதம்தான் அவர் பொறுப்புக்கு வந்திருந்தார். போனில் கேட்டதற்கு, ஆராதனை முடிந்து போகிற வழியில் கேட்டில் செருகிவிட்டுப் போய்விட்டார். கூடவே ஒரு குரல் பதிவு: "ஊரு எதுன்னு முடிவு செஞ்ச பொறவு நீங்களே எழுதிக்கிடுங்க. எடம் விட்டிருக்கு."

'எங்கள் சபையின் அங்கத்தினரான ஜெபகனி, அவர் மகள் ஆன்ஸ்லின் ஆகிய இருவரும் ............ சபைக்கு மாறிச் செல்வதால், இவர்களை அன்புடன் ஏற்றுக்கொள்ளும்படி வேண்டுகிறோம்.'

இருவரும்.

அம்மா இறந்த அன்றே மாமா வந்து, பிறந்த ஊரில்தான் அடக்கம் என்று சிதறாலுக்குக் கொண்டுபோய்விட்டார். அதனால் இங்கே சபைப் பதிவேட்டில் அம்மாவின் பெயரை யாரும் அடிக்கவில்லை. பக்கவாதம் வந்து அம்மா படுத்த ஆறு வருஷத்தில் அம்மாவும் கோவிலுக்குப் போகவில்லை, அவளும் போகவில்லை. போதகர் இரண்டு முறை மாறிவிட்டார். அந்த வீட்டில் இருப்பது யார், போனது யார் என்று சொல்லக்கூடியவர்கள் ஊரில் குறைவு.

தவறைச் சொல்லித் திருத்தியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. எட்டு மாதமாக யாரும் அவள் பெயரோடு இன்னொரு பெயரைச் சேர்த்து எழுதியதில்லை. கடிதத்தை மடித்து வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

ஊர்தான் முடிவாகவில்லை. அமெரிக்க மருத்துவமனைகளின் நோய்க்குறிப்புகளுக்குக் குறியீட்டு எண் போடும் மெடிக்கல் கோடிங் வேலை அவளுக்கு. மடிக்கணினி இருந்தால் எங்கேயும் உட்காரலாம். மதுரை, தஞ்சாவூர், மைசூர் என்று மூன்று பெயரை எழுதி வைத்திருந்தாள். மூன்றும் ராஜாக்கள் இருந்த ஊர். ராஜாக்களையே பார்த்துச் சலித்த ஊரில் இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி சாவியும் பையுமாக வந்து இறங்கினால் யார் கண்டுகொள்ளப் போகிறார்கள்? ஜெபகனியின் மகள் என்று, 'ஜெபகனிக்க மோளு' என்று யாரும் சொல்லாத தெருவில் ஒரு தடவையாவது நடக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். இனிமேலாவது தன் பெயரில் ஒரு வாழ்க்கை.

திங்கட்கிழமை மதுரைத் தரகர் வீட்டை வீடியோவில் காட்டினார். மஞ்சள் சுவர், நல்ல வெளிச்சம், கீழே பூ விற்கிற சத்தம். ஹாலைக் காட்டி, சமையலறையைக் காட்டி, மூடியிருந்த படுக்கையறைப் பக்கம் அவர் திரும்பியபோது, அந்தத் தெருச் சத்தத்துக்கெல்லாம் அடியிலிருந்து, மெதுவாக, இரும்பில் ஏதோ தட்டியது. இரண்டு தட்டு. கொஞ்சம் இடைவெளி. ஒரு தட்டு.

அவள் எழுந்தே விட்டாள். ஆறு வருஷப் பழக்கம். அம்மாவுக்கு அசைந்தது வலது கை மட்டும்தான். அந்தக் கை வளையலால் கட்டில் கம்பியில் தட்டித்தான் கூப்பிடுவாள். தண்ணீருக்கும் அதுதான், புரட்டிப் போடுவதற்கும் அதுதான், சும்மா பயந்து கூப்பிடுவதற்கும் அதுதான். வந்து நின்றால், கோணிப்போன வாயால் தினமும் ஒரே பேச்சு. "என்னைய விட்டுட்டு எங்கயும் போவாதட்டி." அவளும் தினமும் சொல்வாள். "போகல்லம்மா." அம்மா போன விடியற்காலையில் அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, தூக்கம். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

மதுரை வேண்டாம் என்று தரகருக்கு எழுதிவிட்டாள். பக்கத்தில் கட்டிட வேலை நடக்கிறதாக்கும் என்று தனக்கும் சொல்லிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை தஞ்சாவூர். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரின் வீட்டு மாடி. தெரு அமைதியாக இருந்தது, ஒரு சைக்கிள் மணிகூட இல்லை. அந்த அமைதிக்குள் இரண்டு தட்டு. இடைவெளி. ஒரு தட்டு.

"அது என்ன சத்தம் டீச்சர்?"

"எந்தச் சத்தம்மா?" என்றார் அந்த அம்மாள்.

தஞ்சாவூரும் வேண்டாம்.

இங்கே, தன் வீட்டில், எந்தச் சத்தமும் இல்லை. அதுதான் அவளைத் தின்றது. இத்தனை நாள் ராத்திரியில் கட்டில் முனகுவது போலிருக்கும், தைல வாசனை வாசல்வரை வந்து நிற்கும், பயமாகவும் இருக்கும், துணையாகவும் இருக்கும். இப்போது வீடு துடைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. வேலை முடித்து நிமிர்ந்தால், தான் மூச்சுவிடுவது தனக்கே கேட்டது.

புதன்கிழமை மைசூர். வீட்டுக்காரி ஜாஸ்மி, புதுக்கடைக்குப் பக்கத்து ஊரான கருங்கல்லில் பிறந்து அங்கே வாழ்க்கைப்பட்டுப் போனவள். சொந்த ஊர்ப் பேச்சைக் கேட்டதும் ஆன்ஸ்லின் போனில் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டாள்.

"மக்கா, இந்த ஜன்னல் வழியா பாரு. அரண்மனைக்க கோபுரம் தெரியுதா? ஞாயித்துக்கிழம லைட்டு போடுவாவ, பாத்தா கண்ணெடுக்க மாட்ட."

தெரிந்தது. மரங்களுக்கு மேலே, மழையின் சாம்பல் நிறத்துக்குள், சிவப்பாகச் சின்னக் கோபுரம். இதுதான் என்று அவள் மனது சொன்னது. ஆசைப்பட்டுவிட்டாள். அந்த ஜன்னலில் தான் நின்று காபி குடிப்பதைக்கூட மனதுக்குள் பார்த்துவிட்டாள்.

"இது உள்ரூமு," என்று ஜாஸ்மி கதவைத் தள்ளினாள். தள்ளியவள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். "இதென்ன மணம்? தைலம் தேச்ச மாதிரி... நேத்து இல்லியே."

ஆன்ஸ்லின் போனைக் கவிழ்த்து வைத்தாள். வேதாகமத்தை விரித்துக் கடிதத்தை எடுத்தாள். இருவரும். ஏற்றுக்கொள்ளும்படி.

அவள் எந்த ஊருக்கு ஆசைப்படுகிறாளோ, அங்கே அம்மா முன்னாடியே போய்ப் படுத்துக்கொள்கிறாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் கோவிலுக்குப் போனாள். மழை இருட்டிக்கொண்டு தூறியது, கரண்ட் இல்லை. பக்கத்து அறையில் சுந்தர்சிங் போன் வெளிச்சத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நரைத்த மீசை, ஐம்பத்தைந்து வயது இருக்கும். அவள் முகத்தைப் பார்க்கும் அளவுக்கு வெளிச்சம் இல்லை. அவளும் வாசலைத் தாண்டவில்லை.

"உள்ள வாங்க, நனஞ்சிட்டியளே."

"நான் மாறுதல் கடிதம் வாங்கினேன். ஜெபகனி வீடு. அதுல ஒரு பேர அடிக்கணும்."

"ஏன், ஒராளு போவலியா?"

"ஒராளு இப்ப இல்ல." அம்மா என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டாள். சொன்னால், தானே தன் கையால் தள்ளிவிட்டது போல ஆகிவிடும்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எப்பம்?"

"நவம்பர்ல. சிதறால்ல வச்சு அடக்கம்."

"அறியல்ல, கேட்டியளா. நான் புதுசாக்கும்." பதிவேட்டை எடுத்துப் புரட்டினார், சிவப்பு மசியில் ஏதோ எழுதினார். அவள் வாசலில் நின்றே நீட்டிய கடிதத்திலும் கோடு இழுத்தார், முத்திரை வைத்தார், கவரில் போட்டு ஒட்டினார். "இத அங்க போதகர் கையில குடுத்தாப் போதும். மனசத் தேத்திக்கிடுங்க அக்கா. குடுத்தவரே எடுத்தாரு."

அக்கா. மரியாதைக்குச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே நடந்தாள். அழுகையும் வந்தது, பெரிய பாரம் இறங்கின மாதிரியும் இருந்தது. ஜங்ஷனில் தினமும் பால் வாங்கும் கடையில் நின்றாள். கடைக்காரர் அவளைத் தாண்டிப் பின்னால் நின்றவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டார். அவருக்கும் கொடுத்து, அவருக்குப் பின்னால் வந்தவருக்கும் கொடுத்தார். அவள் வாங்காமலே திரும்பினாள். எதிரே வந்த ஆட்டோ ஹாரன் அடிக்கவில்லை, ஒதுங்கவும் இல்லை. அவள்தான் ஓடைப்பக்கம் குதித்தாள்.

வீட்டுக்கு வந்து, கட்டி வைத்த பெட்டிகளுக்கு நடுவே நாற்காலியில் உட்கார்ந்து, ஒட்டிய கவரைப் பிரிக்கக் கூடாது என்று தெரிந்தே பிரித்தாள்.

அம்மாவின் பெயர் அப்படியே இருந்தது.

'அவர் மகள் ஆன்ஸ்லின்' என்பதன்மேல் சிவப்புக் கோடு. பக்கத்தில் அழகான கையெழுத்து. 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.'

முதலில் சிரிப்புத்தான் வந்தது. இருட்டில் என்னை அம்மா என்று நினைத்துவிட்டார், பாவம். உடனே போன் போட்டாள்.

"ஹலோ?" என்றார் சுந்தர்சிங்.

"அண்ணா, நான் ஆன்ஸ்லின். பேரு மாறிப்போச்சு."

"ஹலோ? ஆரு?"

"ஆன்ஸ்லின் பேசுதேன்."

"ஹலோ... ஆரும் பேசல்லியே." வைத்துவிட்டார்.

மறுபடியும் போட்டாள். மறுபடியும் அதே. கத்திப் பார்த்தாள். தன் குரல் தனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது.

மழை ஓங்கியது. பக்கத்து வீட்டில் சாயங்கால ஜெபப்பாட்டு தொடங்கியது. அங்கே ஓடலாமா என்று எழுந்தாள். பால்கடை ஞாபகம் வந்தது. உட்கார்ந்துவிட்டாள்.

போன் அடித்தது. ஜாஸ்மி. வீடியோ அழைப்பு. அவசரமாக எடுத்தாள்.

ஜாஸ்மியின் முகம் நெருக்கமாகத் திரையில் வந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"அக்கா, நான்தான். அந்த வீடு வேண்டாம். உள்ரூம பூட்டுங்க. கேக்குதா?"

ஜாஸ்மி அவளைப் பார்க்கவில்லை. திரையில் வேறெதையோ தேடிக்கொண்டிருந்தாள். பிறகு பின்பக்கம் திரும்பி, மெதுவான, துக்கம் கேட்கும் குரலில் பேசினாள்.

"அம்மா, நீங்க சொன்ன நம்பருக்குத்தான் போட்டேன். எடுத்தாச்சு. ஆனா ஆளக் காணல்ல. பெட்டியும் சொவருமாத்தான் தெரியுது."

ஆன்ஸ்லின் திரையின் மூலையில் இருந்த சின்னக் கட்டத்தைப் பார்த்தாள். தன் பக்கம் தெரிகிற கட்டம். பெட்டிகள். சுவர். காலண்டர். நாற்காலியின் முதுகுப் பலகை, முழுசாக.

கையை உயர்த்தி ஆட்டினாள். கட்டத்தில் எதுவும் ஆடவில்லை.

ஜாஸ்மி போனைத் திருப்பினாள். ஜன்னல். மரங்கள். அதற்கு முன்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். நின்றுகொண்டிருந்தாள், இரண்டு காலிலும். தலைகுளித்து முடியை விரித்துப் போட்டிருந்தாள். இடது கையில் காபி டம்ளர். ஒரு மிடறு குடித்துவிட்டுத் திரும்பினாள். ஆறு வருஷம் கோணிக் கிடந்த வாய் நேராக இருந்தது.

நடந்து வந்தாள். திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். ஜாஸ்மி பார்க்காததை அவள் பார்த்தாள். நேராக, கண்ணுக்குக் கண். அந்தக் கண்ணில் கோபம் இல்லை. நல்ல தூக்கம் தூங்கி எழுந்த ஒருத்தியின் தெளிவுதான் இருந்தது.

"அம்மா," என்றாள் ஆன்ஸ்லின். "அம்மா, நான் இங்க இருக்கேன்."

ஜெபகனி நிமிர்ந்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"போனை வச்சிருங்க மோளே," என்றாள், குழறாத குரலில். "அந்த வீட்டுல இப்பம் ஆருமில்ல."

ஜாஸ்மியின் விரல் திரையை நோக்கி வந்தது.