தாகமில்லாத வண்டி

“தண்ணி நிறைய இருக்கே தாத்தா, பொறவு ஏன் வண்டி தாகம் தாகம்னு சொல்லுது?”

பேத்தி விஜயஸ்ரீ என்றைக்கோ கேட்ட கேள்வி அது. வண்ணார்பேட்டைப் பட்டறையில் உட்கார்ந்திருந்த ஆவுடைநாயகத்துக்கு இப்போது மறுபடி நினைவு வந்தது. ஆற்றுக் காற்றில் பட்டறையே பாதித் தூக்கத்தில் கிடந்தது. தாசில்தாராக எத்தனையோ மனுக்களை விசாரித்தவர் அவர். தன் காரில் எரிந்த சிவப்பு விளக்கை மட்டும் அவரால் விசாரிக்க முடியவில்லை.

எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் குறைந்தால் எரிகிற விளக்கு அது. திறந்து பார்த்தால் தொட்டியில் நீர் கோடு வரை நிற்கும். வெள்ளிக்கிழமை மதியம் எரியும். இரண்டொரு நாளில் தானே அணையும். இந்த வாரம் அணையவே இல்லை.

“வெள்ளிக்கிழமை மதியம் வண்டி டிரைவர் கையிலதான் இருக்கு” என்றார் அவர். “மேலப்பாளையத்துக்குத் தொழப் போறேன்னு எடுத்துட்டுப் போறான். வாடகைக்கு ஓட்டி, தண்ணிய வத்த விட்டு, பச்சத்தண்ணிய ஊத்தி நிரப்பிட்டு வாரான்னு நினைக்கேன். இன்னையோட நிறுத்திரலாம்னு இருக்கேன்.”

டிரைவர் தாஜ் முகம்மது வாசலில் தலைகுனிந்து நின்றார். மகள் ஷம்ஸியா இப்போதுதான் நர்சிங் சேர்ந்திருந்தாள். அந்த வீட்டுக்கு இந்த வேலை ஒன்றுதான் ஆதாரம்.

பட்டறைக்காரர் குமரகுருபரன் பானட்டைத் திறந்தார். கூலன்ட் கலந்த தொட்டி நீர் நல்ல ரோஸ் நிறத்தில் இருந்தது. தொட்டிக்கு அடியில் இருந்த சென்சாரின் பிளக்கைச் சுற்றி யாரோ ஒரு துணியைக் கட்டியிருந்தார்கள்.

“இந்தா, கை வச்சிருக்கான் அண்ணாச்சி” என்று துள்ளினார் நடராஜ். பட்டறையில் கூட இருந்து எல்லாவற்றிலும் குற்றவாளி தேடுகிறவர் அவர்.

“ஏலே, வாய மூடிட்டு மூக்கத் திற” என்றார் குமரகுருபரன்.

துணியை அவிழ்த்துப் பிளக்கைக் கழற்றினார். காருக்குள் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கு அணைந்தது. பிளக்கின் உள்ளே மஞ்சள் கலந்த வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தது. நடராஜ் குனிந்து முகர்ந்தார்.

“சந்தனம் மாதிரி இருக்கு. பால் திரைஞ்ச வாடையும் வருது.”

குமரகுருபரன் தாஜைத் தேநீர் வாங்கி வரச் சொன்னார். அவர் தெருமுனை திரும்பும் வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்:

“அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை காலைல கோவில்ல இருந்து வெளிய வந்ததும் என்ன செய்விய? பைய யோசிச்சுச் சொல்லுங்க.”

“என்ன செய்வேன்? உள்ள போகும்போது செருப்பக் கார் பக்கத்துல வெயில்லதான் விடுவேன். வரும்போது அது நிழல்ல கிடக்கும். அம்மன் கிருபை. அதப் போட்டுக்கிட்டு, அபிஷேகத் தீர்த்தத்த வண்டிக்கும் கொஞ்சம், பானட்டத் திறந்து…”

ஆவுடைநாயகத்தின் பார்வை பிளக்கின் பொருக்கில் போய் நின்றது.

“இந்தச் சென்சார்ல ரெண்டு கம்பி இருக்கு” என்றார் குமரகுருபரன். “தண்ணி இறங்கி மிதவையும் இறங்கினா ரெண்டும் சேர்ந்து விளக்கு எரியும். பிளக்குல தீர்த்தம் போனா அந்த ஈரமே ரெண்டையும் சேத்துருது. அது கசிஞ்சு இறங்குததுக்குள்ள உங்கள வீட்டுல இறக்கிட்டு தாஜ் வண்டியோட தொழுகைக்குப் போயிருவாரு. ஈரம் காஞ்சா விளக்கு அணையும். இப்ப பாலும் சந்தனமும் படிஞ்சு கம்பியே பச்சைக் களிம்பு பிடிச்சிட்டு, அதான் அணையல. பச்சத்தண்ணி ஊத்தியிருந்தா இந்த ரோஸ் நிறம் வெளுத்திருக்கும்.”

“அப்ப அந்தத் துணி?” என்றார் நடராஜ், குரல் இறங்கி.

“ஈரம் படக் கூடாதுன்னு கட்டுனது. தினம் வண்டி துடைக்கிறவருக்குத் தெரியாமலா இருக்கும்?”

“பொறவு ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?” ஆவுடைநாயகத்தின் குரல் அவருக்கே கேட்கவில்லை.

“உங்க சாமி தீர்த்தத்தால கெட்டுதுன்னு அவரு எந்த வாயால சொல்லுவாரு? வேலை போனாலும் போகட்டும்னு நின்னுருக்காரு.” குமரகுருபரன் புதுச் சென்சாரை எடுத்துக்கொண்டு குனிந்தார். “செருப்பும் தானா நடந்து நிழலுக்குப் போவாது, அண்ணாச்சி.”

தாஜ் தேநீரோடு வந்தபோது, “சென்சார் பழசாயிட்டு, வேற ஒண்ணுமில்ல” என்றார் குமரகுருபரன். ஆவுடைநாயகம் முதல் தம்ளரை எடுத்துத் தாஜிடமே நீட்டினார். வேலையை நிறுத்துகிற பேச்சு அதன்பிறகு அவர் வாயில் வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பானட்டின் மேல் ஒரு சந்தனப் பொட்டு மட்டும் வைத்தார். தீர்த்தத்தைத் தன் தலையில் தெளித்துக்கொண்டார். வீட்டுத் தெரு வந்ததும், “நான் இறங்கல. நேரா மேலப்பாளையத்துக்கு விடு” என்றார்.

பள்ளிவாசல் வாசலில் வெயில் வெள்ளையாகக் கொட்டியது. தாஜ் செருப்பைக் கல்படியில் கழற்றிவிட்டு உள்ளே போனார். தெருவில் ஆளில்லை. தொழுகையின் ஓசை ஆற்றின் இரைச்சல் போலத் தூரத்திலிருந்து வந்தது. ஆவுடைநாயகம் காரை விட்டு இறங்கினார். கல்படியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு நீலவார்ச் செருப்பு ஜோடியைக் குனிந்து எடுத்தார். சுவரோரம் இருந்த சின்ன நிழலில் அதைச் சேர்த்து வைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டார்.

சிறிது நேரத்தில் கதவு திறந்தது.

“வெயில்ல விட்டுட்டுப் போன செருப்பு சுடவே இல்ல ஐயா” என்றார் தாஜ், வியப்பு மாறாமல். “அல்லாவோட கிருபை.”

“இருக்கும்” என்றார் ஆவுடைநாயகம், கண்ணைத் திறக்காமலே. “பைய ஓட்டு.”