இறங்குநடையர்

முதுகில் மருந்து வில்லை ஒட்டிக்கொள்ளாமல் அந்தக் கட்டடத்தில் இப்போது யாரும் சாரம் ஏறுவதில்லை. சித்தாள் பூவாயியின் நடுமுதுகில் வெள்ளை வில்லையை வைத்து அழுத்தினாள் கூட வேலைசெய்யும் தவமணி.

"இன்னிக்காச்சும் எறும்பு கடிச்சா தெரியுமா உனக்கு?"

"நீ கிள்ளுனதே தெரிஞ்சுது, போடி."

சர்க்கரை நோய் பூவாயியின் பாதங்களைத் தின்றிருந்தது. முன்பு ஒருமுறை செருப்போடு ஆணி ஏறியும் தெரியாமல் மாலைவரை செங்கல் சுமந்தாள். காலில் உணர்வில்லாதவளை எந்த மேஸ்திரியும் சாரத்தில் ஏற்றமாட்டார். சாரம் ஏறாவிட்டால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது.

நரம்புக்குச் சமையல்கட்டு முதுகுத்தண்டின் ஓரத்தில் இருக்கிறது. பசித்த வாயோ கால்விரலில். அங்கே ஆக்கிய புரதத்தை, நரம்புக்குள் ஓடும் நூலினும் மெல்லிய தண்டவாளத்தில் அடிமேல் அடிவைத்துச் சுமந்து போக உடம்பிலேயே கூலிகள் உண்டு. அவர்கள் தளர்ந்தால் முதலில் பட்டினி கிடப்பது பாதம். வில்லைக்குள் இருந்தவர்களோ ஆய்வகத்தில் செய்த செயற்கைக் கூலிகள். நடையர் என்று பெயர். நோயாளிகளுக்கென்று வந்ததை, கைகால் சோராது என்று கண்டதும் கட்டடக் கம்பெனி எல்லோர் முதுகிலும் ஒட்டச் சொன்னது.

வில்லை இரண்டு வகை. வெள்ளையில், சுமையோடு பாதத்துக்குப் போகும் ஏறுநடையர். நீலத்தில், போனவர்களையும் தேய்ந்ததையும் திரும்பக் கூட்டிவரும் இறங்குநடையர். இரண்டையும் ஒட்ட வேண்டும், ஆனால் நீலத்தை ஒட்டினால், எல்லா நடையரும் ஒன்றாகத் திரும்பும் நண்பகலில் கால் ஒரு மணி நேரம் மரத்துப்போகும் என்று நர்ஸ் ஜெசிந்தா முதல் நாளே சொன்னாள்.

மேஸ்திரி சடையப்பன் சிரித்தார். "சுமை போய்ச் சேர்ந்தாச் சரி. வெறுங்கையோட எறங்குறதுக்கு எதுக்கும்மா ஆளு?"

அவர் வேலையே அப்படித்தான். தளம் போடும் நாளில் கலவைச் சட்டி கைமாறிக் கைமாறி மேலே போகும். காலிச் சட்டியை இறக்க ஆள் வைக்கமாட்டார், மேலேயே குவியும். நீல வில்லைகள் பெட்டி பிரிக்காமல் கிடந்தன.

முதல் வாரங்களில் பூவாயிக்குக் கால் முழுக்க உயிர். பலகையின் சொரசொரப்பு, சிந்திய தண்ணீரின் குளிர்ச்சி, எல்லாம் தெரிந்தது. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அப்புறம் விரல்நுனியிலிருந்து மறுபடி மரத்தது. சொன்னால் இறக்கிவிடுவார்களே என்று வாய் திறக்கவில்லை.

தளம் போடும் நாள். பலகையின் விளிம்பு எது, வெளி எது என்று பாதத்துக்குத் தெரியவில்லை. கால் வெளியில் இறங்கியது. தவமணி சேலையைப் பற்றி இழுத்ததால் பிழைத்தாள்.

"கண்ணு எங்கடி போச்சு!" என்று மேலிருந்து கத்திய சடையப்பன், அடுத்த அடி வைக்க முடியாமல் சட்டிக் குவியலின்மேல் பொத்தென்று உட்கார்ந்தார். அவர் முதுகிலும் வெள்ளை வில்லைதான்.

ஜெசிந்தா ஓடிவந்து கால்களைத் தட்டிப் பார்த்தாள். "போனவங்க யாரும் திரும்பலைண்ணே. தேஞ்ச புரதம் அங்கேயே கெடக்கு, இன்னும் அனுப்புன்னு சமையல்கட்டுக்குச் சேதி சொல்லவும் ஆளில்ல. வந்த வழியை அவங்களே அடைச்சுட்டு நிக்கிறாங்க."

பூவாயி மேஸ்திரிக்கு அடியில் கிடந்த காலிச் சட்டிகளைப் பார்த்தாள். கீழே கலவை இறுகிக்கொண்டிருந்தது, அள்ளச் சட்டியில்லை.

அன்றே நீலப் பெட்டி பிரிந்தது. கால்கள் மெல்ல மீண்டன. ஆனால் உச்சிவேளையில் எல்லார் காலும் தூங்கிவிடும். கொத்தனார், சித்தாள், என்ஜினீயர், ஒருவராலும் எழ முடியாது. ஓயாமல் வேலை வாங்கத்தான் எல்லோர் முதுகிலும் ஒட்டினார்கள். சங்கம் கொடிபிடித்தும் கிடைக்காத நண்பகல் ஓய்வு, நரம்புக்குள்ளிருந்து இறங்கி வந்தது.

போனில் முதலாளி திட்ட, சடையப்பன் கத்தினார். "எந்திரிங்க எல்லாரும்!"

"நீங்க மொதல்ல எந்திரிங்கண்ணே, பின்னாலயே வர்றோம்" என்றாள் தவமணி. அவரும் சிரித்துவிட்டார்.

நின்றுகொண்டே விழுங்கிப் பழகிய சோற்றைப் பூவாயி உட்கார்ந்து, மென்று தின்றாள். பிறகு மரத்த பாதத்தை மடியில் தூக்கி வைத்துத் தடவிக்கொடுத்தாள்.

"அவசரமில்ல சாமிங்களா, மெதுவா எறங்கி வாங்க. வர்ற வரைக்கும் நாங்க உக்காந்திருக்கோம்."