கூப்பிட்டும் வராதவர்

காலி செய்து பூட்டிய அறைக்குள் பசை வாசனை அடித்தது. காய்ந்த பசை இல்லை. அப்போதுதான் காய்ச்சி இறக்கியது போல, சூடும் லேசான புளிப்புமாக. வீட்டுக்காரர் மூக்கைச் சுளித்தார். அறையை விட்டுப் போனாலும் டெய்லர், காலருக்குப் பசை தடவிய தன் நாற்றத்தைக் கொண்டுபோக மாட்டான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். போனவன், போன வாரம் கோர்ட் வாசல் பெஞ்சிலேயே உயிரை விட்டிருந்தான். சாவதற்குக்கூட ஓசி இடம் பிடித்த கிழம் என்று இவர் அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சிரிக்க மாட்டாரா பின்னே, வழக்கில் ஜெயித்தவர் ஆயிற்றே. ஜெயித்த விதத்தில்தான் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை. வாடகைக் காலம் முடிந்தும் நகராத டெய்லர் மேல் வழக்குப் போட்டிருந்தார். சம்மன் கொடுக்கக் கோர்ட் அமீனா வந்த அன்று, உள்ளே தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் டெய்லருக்குக் கதவு தட்டியது கேட்கவில்லை. இவர் அமீனாவின் சட்டைப்பையில் எதையோ செருகி, "உள்ள யாரும் இல்ல, ஒட்டிட்டுப் போங்க" என்றார். அமீனா சம்மனைக் கதவில் ஒட்டிவிட்டு இறங்கியதும், பசை காய்வதற்குள் உரித்து எடுத்துக்கொண்டார்.

கோர்ட்டில் டெய்லரின் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். விஷயமே தெரியாதவன் எப்படி வருவான்? கூப்பிட்டும் வரவில்லை என்று தீர்ப்பு இவர் பக்கம் ஆனது.

"எனக்கு யாருமே சொல்லலீங்களே ஐயா" என்று சாமான்களைத் தெருவில் வைத்த அன்று டெய்லர் அழுதான்.

"கூப்பிட்டப்ப வந்திருக்கணும்" என்றார் இவர், பல்லைக் குத்திக்கொண்டே.

இப்போது, காலி அறையில் அவருடைய செல்போன் அடித்தது. மனைவி.

"இருட்டப் போகுது, இன்னும் அங்க என்ன பண்றீங்க?"

"புது ஆளுக்கு என்ன வாடகை சொல்லலாம்னு பாக்குறேன்."

"நான் மார்க்கெட்லதான் இருக்கேன். வந்து கூட்டிட்டுப் போறேன்."

"வா, வா. பேய் கீய் வந்தா நீதான் தொணை."

போனை வைத்ததும் அறை மங்கியது. மழை மேகம் என்று நினைத்து ஜன்னலுக்குப் போனார். கண்ணாடியின் அந்தப் பக்கத்தில், மேலிருந்து கீழாக, அகலமான தூரிகை ஒன்று சளக் சளக்கென்று நிதானமாக இழுபட்டுக்கொண்டிருந்தது. அது போன இடமெல்லாம் ஈரக் காகிதம் படிந்து வெளிச்சத்தைக் குடித்தது. மாடி ஜன்னல். வெளியே நிற்க இடம் கிடையாது.

"எவன்டா அது?" என்று அதட்டினார். பயம் வந்துவிட்டது, சும்மா சொல்லக் கூடாது.

திறந்து வைத்திருந்த கதவு சாத்தியிருந்தது. இடுக்கெல்லாம் காகிதம். உரித்தார். அடியில் இன்னொன்று. அதன் அடியில் இன்னொன்று. விரல்கள் ஒட்டிக்கொண்டன.

"என்னங்க!"

படியில் மனைவியின் செருப்புச் சத்தம். போன உயிர் திரும்பி வந்தது. பதில் சொல்ல வாயைத் திறக்கப் பார்த்தார்.

வாய் திறக்கவில்லை. உதட்டின் மேல் ஈரமாக ஏதோ படிந்திருந்தது. காகிதம்.

"என்னங்க?"

இரண்டாவது. கதவை உதைத்தார். மறுபடி உதைத்தார். முதுகுக்குப் பின்னால், காலி அறையில், தையல் மெஷின் ஓடத் தொடங்கியது.

கடகடகட.

உதைத்த சத்தம் அவருக்கே கேட்கவில்லை.

"என்னங்க..."

மூன்று.

கதவுக்கு வெளியே யாரோ தொண்டையைச் செருமினார்கள். அது அவருடைய செருமல். அவருடைய குரலே பேசியது.

"உள்ள யாரும் இல்ல, ஒட்டிட்டுப் போங்க."

"யாருகிட்டங்க பேசுறீங்க?"

"உனக்கெதுக்கு? வா, போலாம்."

மனைவி ஏதோ சொல்லிச் சிரித்தாள். இரண்டு ஜோடிச் செருப்புகள் படியிறங்கின. அவருடைய சாவிக்கொத்து குலுங்கியது.

அப்புறம், கதவில் தூரிகை. சளக். சளக்.